பதினோராம் விதியும் முத்துப்பேச்சியின் குதிகாலும்

"குதிநாண் அறுந்திருந்தால், காலின் பின்புறத்தை நெடுக்காகத் திறந்து, அறுந்த இரு முனைகளையும் கண்ணால் பார்த்துத் தைக்க வேண்டும். இப்பட்டியலில் இல்லாத எந்த அறுவை முறையையும் தலைமை அலுவலகத்தின் எழுத்துப்பூர்வமான முன் அனுமதி இன்றிச் செய்யக் கூடாது."

நான் வேலை பார்த்த அறக்கட்டளை மருத்துவமனையில் எலும்பு அறுவைப் பிரிவுக்கு என்று இருந்த விதிகளில் இது பதினோராவது. நல்ல விதி. கிண்டலாகச் சொல்லவில்லை. எழுதியவருக்கு அறுவை தெரிந்திருந்தது. அவருக்குத் தெரியாதது கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தலும், அதன் அடியில் நிற்பவர்களின் குதிகாலும்தான்.

சென்ற மாதம், என்னிடம் முன்பு பயிற்சியில் இருந்த ஒரு டாக்டர் தொலைபேசியில் கேட்டார்: "சார், குதிநாணுக்குத் திறந்து தைப்பது நல்லதா, துளை போட்டுத் தைப்பது நல்லதா?" தேனியில் இப்போது ஆளுயர ஃப்ளெக்ஸ் வைத்து, தழும்பே தெரியாத அறுவை என்று விளம்பரம் செய்கிறார்களாம். நோயாளிகள் அந்தப் படத்தை செல்போனில் எடுத்துவந்து, இந்த மாதிரி செய்யுங்கள் என்று, தையல்காரரிடம் ஜாக்கெட் மாடலைக் காட்டுவதுபோல் காட்டுகிறார்களாம். அவருக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குதிநாண் என்பது கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு கட்டியிருக்கும் தடித்த நாண். நுனிக்காலில் எழும்பி நிற்க உதவுவது அதுதான். எங்கள் ஊரில் உடம்புக்குள் கயிறுபோல ஓடும் எல்லாவற்றுக்கும் நரம்பு என்றே பெயர். 'குதிநரம்பு அத்துப்போச்சு' என்றுதான் வருவார்கள். உண்மையான நரம்பு ஒன்று அந்த நாணை ஒட்டி, மேலே சற்றுக் குறுக்கே கடந்து, வெளிப்புறமாக இறங்கிச் சுண்டுவிரல் பக்கம் போகிறது. மெல்லியது, வெளியிலிருந்து தெரியாது. திறந்து தைத்தால் அதைப் பார்த்து ஒதுக்கலாம். தோலைத் திறக்காமல், சிறு துளைகள் வழியாக ஊசியை ஓட்டித் தைப்பவன் அது எங்கே இருக்கிறது என்று ஊகிக்க வேண்டும்.

மதுரையில் படித்தேன், அங்கேயே மேற்படிப்பும் முடித்தேன். அந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல, தூங்கவில்லை என்பதைத் தவிர அதிகம் இல்லை. 1996இல் இந்த மருத்துவமனையில் சேர்ந்தேன். எங்கள் பிரிவின் தலைவரை எல்லோரும் பெரியவர் என்றுதான் சொல்வோம். அப்போதே அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவருக்கு இரண்டு சொற்கள் போதும். ஒன்று, "காட்டு." எதையும் கண்ணால் பார்க்காமல் அவர் நம்பமாட்டார். இன்னொன்று, "நல்லது." அதற்கு 'முடியாது' என்று பொருள் என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஓராண்டு ஆயிற்று. அதுவரை, நான் சொன்ன யோசனைகளையெல்லாம் அவர் ஏற்றுக்கொள்கிறார் என்று மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

நோயாளியைப் பார்க்கும்போது மட்டும் அவர் வேறு ஆள். ஒரு குட்டை ஸ்டூலை இழுத்துப் போட்டு, நோயாளியின் பாதத்தைத் தன் மடியில் வைத்துக்கொள்வார். நோய் என்ன என்று கேட்கும் முன், வேலை என்ன என்று கேட்பார். கத்தி வைக்கும் முன் ஊதா மையால் தோலில் கோடு போடுவார். பேனா மூடியை உதட்டில் கவ்வியபடி கோட்டைச் சற்று நேரம் பார்ப்பார். மூடி பேனாவுக்குத் திரும்பினால் முடிவாகிவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு யாரும் பேசக் கூடாது.

அவர் துளை முறையை எதிர்த்ததற்குக் காரணம் இருந்தது. வேறு ஊரில் துளை போட்டுத் தைத்துக்கொண்ட ஒரு பள்ளி ஆசிரியர் எங்களிடம் வந்தார். நாண் சேர்ந்திருந்தது. ஆனால் பாதத்தின் வெளிப்புறத்தில் போர்வை பட்டாலே துடித்தார். பெரியவர் திறந்து பார்த்தார். தையல் நூல், நாணோடு சேர்த்து அந்த நரம்பையும் கட்டியிருந்தது. "காட்டு" என்றார் என்னிடம். நான் நூலைத் தூக்கிக் காட்டினேன்.

நான் திறந்த முறைக்கு அஞ்சியதற்கும் காரணம் இருந்தது. கபடி ஆடிய ஒரு பையனுக்குப் பெரியவரே திறந்து தைத்தார். கோடு சரி, தையல் சரி, கட்டு சரி. விதியின் ஒவ்வோர் எழுத்துக்கும் நாங்கள் கட்டுப்பட்டோம். தோல் மட்டும் அந்த விதியைப் படித்திருக்கவில்லை. குதிகாலுக்கு மேலே தோல் மெல்லியது, ரத்த ஓட்டமும் குறைவு. காயத்தின் ஓரம் கறுத்தது, விண்டது, உள்ளே நாண் வெள்ளையாகத் தெரிந்தது. மாதக்கணக்கில் தினமும் கட்டு மாற்றினோம். பையன் மீண்டும் நடந்தான். கபடி ஆடவில்லை.

இந்த இரண்டு கால்களும் எங்கள் இருவருக்கும் நடுவே எப்போதும் கிடந்தன.

2007 ஐப்பசியில் முத்துப்பேச்சி வந்தார். நாற்பதைத் தாண்டிய, குள்ளமான பெண். கூடலூர்ப் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களில் குலையில் நெருக்கமான காய்களைக் கழிக்கவும், பருவத்தில் காய் வெட்டவும் போகும் பெண்களுக்கு அவர்தான் தலைவி. யாரைக் கூட்டிப்போவது, எந்தப் பந்தலில் நிற்க வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. பந்தலின் உயரம் ஆண்களின் உயரத்துக்குப் போட்டது. மற்ற பெண்கள் கல்லையோ பெட்டியையோ காலுக்குப் போட்டுக்கொள்வார்களாம். இவர் பெட்டியை நகர்த்தும் நேரத்தில் இரண்டு குலை வெட்டலாம் என்று நுனிக்காலிலேயே நிற்பவர். காலை முதல் சாயங்காலம்வரை, அண்ணாந்து, நுனிக்காலில்.

அப்படி நிற்பவர்களுக்குக் குதிகால் வலிக்கும். காய் வெட்டும் பருவத்துக்கு முன் அந்தப் பெண்கள் ஒரு வைத்தியரிடம் போய்க் 'குதிகால் ஊசி' போட்டுக்கொள்வது வழக்கம். அவர் எங்கே படித்தார் என்று கேட்டவர் யாரும் இல்லை. ஊசியில் இருந்தது ஸ்டீராய்டு. வலி உடனே போய்விடும். கூடவே நாணின் வலுவும் போகும். வலி போனது தெரியும், வலு போனது தெரியாது. முத்துப்பேச்சி மூன்று பருவமாகப் போட்டுக்கொண்டவர்.

"பின்னால எவளோ கல்லக் கொண்டி எறிஞ்சான்னு நெனச்சேன் சார்" என்றார். "திரும்பிப் பாத்தா ஒருத்தியும் இல்ல. அங்கன நின்ன நாலு பேரையும் வஞ்சுட்டேன். பெறகு பாத்தா காலு தரையில பாவல. இப்ப அவளுக நாலு பேரும் வந்து பாக்கல, கோவிச்சுக்கிட்டாளுக."

குதிநாண் அறுந்த பலரும் இதைத்தான் சொல்வார்கள், பின்னாலிருந்து யாரோ அடித்தது போல என்று. ஆனால் நேரே வந்திருந்தால் கதை சின்னது. சுளுக்கு என்று சொல்லி, செங்கலைச் சூடாக்கித் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வாரம். அடிபட்ட இடம் மரத்திருந்ததால் சூடு அவருக்கு உறைக்கவில்லை. குதிகாலுக்கு மேலே தோல் கொப்புளித்து, உரிந்து, சிவந்திருந்தது. விதி எந்த இடத்தில் நெடுக்காகத் திறக்கச் சொன்னதோ, சரியாக அந்த இடம்.

குப்புறப் படுக்க வைத்துக் கெண்டைக்காலை அமுக்கினேன். நல்ல கால் என்றால் பாதம் கீழ்நோக்கி அசையும். இடது பாதம் அசைந்தது. வலது பாதம் அசையவில்லை. நாண் இருக்க வேண்டிய இடத்தில் விரல் உள்ளே அமுங்கியது.

பெரியவர் வந்து ஸ்டூலை இழுத்தார். பாதத்தை மடியில் வைத்தார். என்ன வேலை என்று கேட்டார். முத்துப்பேச்சி சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு தோலைத் தொடாமல் வெகுநேரம் பார்த்தார்.

"மாவுக்கட்டு மட்டும் போட்டா நடந்துருவ ஆத்தா" என்றார். "நுனிக்கால்ல நிக்கிறதுக்கு உத்தரவாதம் இல்ல."

"நடக்குறதுக்கு எனக்குக் கூலி யாரு குடுப்பா, சார்?"

அவருடைய கணவர் இறந்து பல வருடம். மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். பந்தலுக்கு அடியில் எட்டாத கைக்குத் தோட்டத்தில் வேலை இல்லை. தை மாதத்துக்குள் வேறு ஒருத்தி தலைவியாகிவிடுவாள், திரும்பக் கிடைக்காது என்பதையும் அவரே சொன்னார், யார் அந்த ஒருத்தி என்பதையும் சேர்த்து.

வெளியே வந்ததும் நான் துளை முறையைச் சொன்னேன். அதை ஒரு பயிலரங்கில் கற்றிருந்தேன். உயிரோடு இல்லாதவர்களின் கால்களில் இரண்டு முறை செய்திருந்தேன். அவர்கள் யாரும் குறை சொல்லவில்லை.

"நல்லது" என்றார் பெரியவர்.

"சார், இந்தத் தோலைத் திறந்தால் மூடாது."

"நூலு நிக்குமான்னு பாக்காமத் தைப்பியா? மூணு பருவம் ஊசி போட்ட நாணு. உள்ள எந்த லட்சணத்துல இருக்கோ." கொஞ்ச தூரம் நடந்தார். "தோலு உன் கட்சி. நாணு என் கட்சி. ரெண்டும் ஒரே கால்ல இருக்கு, அதான் வம்பு."

பிறகு, அனுமதி கேட்டு எழுது என்றார். அன்றே எழுதினேன். தோலின் நிலை, நாணின் நிலை, ஏன் துளை முறை, ஏன் அவசரம் எல்லாவற்றையும். அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அறுந்த முனைகள் நாளாக ஆக மேலும் கீழும் சுருங்கும். ஒரு கட்டத்துக்கு மேல் துளை வழியாக அவற்றைச் சேர்க்க முடியாது. ஏற்கனவே பாதிக் காலம் செங்கலுக்குப் போயிருந்தது. தலைமை அலுவலகத்துக்கு ஃபேக்ஸ் போயிற்று. மறுநாள் தொலைபேசியில் கேட்டேன். வந்திருக்கிறது என்றார்கள். அதற்கு மறுநாள், பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். அதற்கும் அடுத்த நாள், சம்பந்தப்பட்டவர் விடுப்பில் இருக்கிறார் என்றார்கள். நான் தினமும் காலையில் அந்தக் காலைப் பார்ப்பேன், விரலால் இடைவெளியைத் தடவுவேன், அது அகலமாகிவிட்டதோ என்று தோன்றும். பிறகு தொலைபேசியிடம் போவேன்.

திங்கட்கிழமை வார்டு சுற்றின்போது பெரியவர் மறுபடியும் ஸ்டூலை இழுத்தார். பதில் வந்ததா என்று கேட்கவில்லை. ஊதா பேனாவை எடுத்து, நாணின் இரு பக்கமும், வெந்த தோலைத் தவிர்த்து, சிறு புள்ளிகளாக வைத்தார். பிறகு வெந்த தோலின் மேலேயே ஒரு நீளக் கோடு இழுத்தார்.

"புள்ளியெல்லாம் உனக்கு. கோடு எனக்கு. நீ தடுமாறினா நான் கோட்டுல இறங்கிருவேன். அப்ப வாயத் தொறக்கக் கூடாது."

சரி என்றேன்.

"இன்னொண்ணு. முதுகுல மயக்க ஊசி கெடையாது. தோலுக்கு மட்டும் மரப்பு ஊசி. இந்தம்மா முழிச்சிருக்கணும். நரம்பு எங்க இருக்குன்னு நமக்குத் தெரியாது. அதுக்குத் தெரியும்."

பேனா மூடி பேனாவுக்குத் திரும்பியது. அனுமதி கேட்டோம், பதில் இல்லை, காலம் இல்லை, என் பொறுப்பில் செய்கிறோம் என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் பெயரை அதில் சேர்க்கவில்லை.

மறுநாள் காலை முத்துப்பேச்சியைக் குப்புறப் படுக்கவைத்தோம். பாதம் மேசையின் விளிம்புக்கு வெளியே. தலைமாட்டில் சிஸ்டர் உட்கார்ந்து, சுண்டுவிரலில் எதுவாவது தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

"மெட்டி போட்ட வெரலயே இதுவரைக்கும் ஒருத்தரும் விசாரிக்கல" என்றார் முத்துப்பேச்சி தலையணைக்குள்ளிருந்து. "சுண்டுவெரலுக்கு வந்த வாழ்வப் பாருங்க."

நான் சிரித்தேன். பெரியவர் சிரிக்கவில்லை. அவர் கையைக் கட்டிக்கொண்டு எனக்கு எதிரே நின்றார். அவருடைய வலப்பக்கத் தட்டில் கத்தி இருந்தது.

கீழ்ப்புள்ளிகளில் சிறு கீறல் போட்டேன், அரிசி நீளம். நீண்ட ஊசியை ஒரு பக்கம் ஏற்றி நாணுக்குள் குறுக்கே ஓட்டி மறுபக்கம் எடுத்தேன். கீழ் முனையில் நூல் நன்றாகப் பிடித்தது. மேல் முனைக்கு வந்தேன். முதல் புள்ளியில் ஊசி போயிற்று. சுண்டுவிரல் பேசவில்லை. நூலை இழுத்துப் பார்த்தேன். ஒரு கணம் இறுகியது. பிறகு வெண்ணெயில் இழுத்ததுபோல் வழுக்கி இறங்கியது. நூல் அறவில்லை. நாண்தான் அறுந்து விட்டுக்கொடுத்தது.

"காட்டு" என்றார் பெரியவர்.

நூலைத் தூக்கிக் காட்டினேன். நுனியில் நாணின் நார் ஒட்டியிருந்தது. மூன்று பருவத்து ஊசி.

இனி மேலே போக வேண்டும், நாண் நன்றாக இருக்கும் உயரத்துக்கு. நரம்பு நாணைக் கடப்பதும் அந்த உயரத்தில்தான். பெரியவர் வைத்த புள்ளிகளில் கடைசிப் புள்ளி அங்கேதான் இருந்தது, வெளிப்புறத்தில். ஊசியை உள்ளே கொண்டுபோனேன்.

"ஆத்தாடி" என்றார் முத்துப்பேச்சி. "சுண்டுவெரல்ல கரண்டு அடிக்குது."

ஊசியை வெளியே எடுத்தேன். சற்றுச் சாய்த்து மறுபடி நுழைத்தேன்.

"அடிக்குது சார். முன்னைக்கு இப்ப ஜாஸ்தி."

எடுத்தேன். என் நெற்றி வியர்வையை யாரோ துடைத்தார்கள். பெரியவரின் கட்டிய கைகள் பிரிந்தன. தட்டிலிருந்து கத்தியை எடுத்தார். நீளக் கோட்டின் மேல் முனையில் அதன் நுனியை வைத்தார். அழுத்தவில்லை. வாயைத் திறக்கக் கூடாது என்று பேச்சு.

நான் திறக்கவில்லை. வெளிப்புறக் கீறலைச் சிறு விரல் நகம் அளவுக்கு அகலப்படுத்தினேன். ஊசிக்குப் பதிலாக ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் என்னும் இடுக்கியின் மூடிய மூக்கை உள்ளே விட்டேன். மெல்லத் திறந்தேன். கொழுப்புக்கு நடுவே, நனைந்த நூல் மாதிரி, வெளுப்பாக அந்த நரம்பு. அதைப் பின்னோக்கி ஒதுக்கிப் பிடித்தேன். பெரியவர் குனிந்தார். அவர் மூச்சு என் கையில் பட்டது. கத்தி கோட்டின் மேலேயே இருந்தது.

ஒதுக்கிய இடத்தின் முன்புறமாக ஊசியை ஓட்டினேன்.

சிஸ்டர், "என்னம்மா?" என்றார்.

"ஒண்ணுமில்ல" என்றார் முத்துப்பேச்சி. பிறகு, "ஏன் எல்லாரும் ஊமையாகிட்டாக? நல்லா இருக்கா இல்லையா, யாராச்சும் சொல்லுங்க."

நூல் பிடித்தது. இழுத்தேன், நின்றது. இன்னும் வலுவாக இழுத்தேன், நின்றது. பாதத்தைக் கீழ்நோக்கி வளைத்து முடிச்சுப் போட்டேன். கெண்டைக்காலை அமுக்கினேன்.

பாதம் அசைந்தது.

பெரியவர் கத்தியைத் தட்டில் வைத்தார். முத்துப்பேச்சியின் தலைமாட்டுக்குப் போய்க் குனிந்து, நல்லா இருக்கு ஆத்தா என்றார். பத்து வருடத்துக்கு மேல் அவரோடு இருந்த நான், 'நல்ல' என்ற சொல்லை அதன் சொந்தப் பொருளில் அவர் வாயிலிருந்து கேட்டது அன்றுதான்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. இளைய டாக்டர்கள் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வந்ததும் கதை முடிந்ததாக நினைக்கிறார்கள். தோல் ஆறியது, ஒரு துளையும் விண்டுபோகவில்லை. அதில் என் கட்சி வென்றது. மாவுக்கட்டு, பிறகு குதிகால் உயர்த்திய செருப்பு, பிறகு பயிற்சி. பாதத்தின் வெளிப்புறத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இன்றைக்கும் மரப்பு உண்டு. நரம்பு சற்று அடிபட்டதன் அடையாளம். அதில் பெரியவர் கட்சி வென்றது. மீண்டும் அறுந்துவிடுமோ என்ற பயம் எனக்கு மாதக்கணக்கில் இருந்தது. முத்துப்பேச்சிக்கு அந்தப் பயம் இல்லை, அதுவே என் பயத்தை அதிகமாக்கியது. தை மாதம் நாங்கள் எவ்வளவோ சொல்லியும் தோட்டத்துக்குப் போய், நாற்காலியில் உட்கார்ந்தே பெண்களை வேலை வாங்கினார். தலைவி பதவி போகவில்லை. ஆனால் பந்தலில் கை எட்டவில்லை. ஒரு வருடம் கழித்து, வலது காலை மட்டும் ஊன்றி நுனிக்காலில் எழும்பச் சொன்னேன். குதிகால் தரையைவிட்டு ஒரு விரல்கூட எழவில்லை. "நாற்காலிதான் போல" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சிரிக்காமல் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

அந்த ஆண்டு பெரியவர் ஓய்வு பெற்றுப் பெரியகுளத்துக்குப் போய்விட்டார். போகிற அன்று என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, அந்தம்மா எழும்பினாளா என்பதுதான். இல்லை என்றேன். நல்லது என்றார்.

அடுத்த ஆண்டு வீரபாண்டிக் கோயில் திருவிழாச் சமயத்தில் முத்துப்பேச்சி புறநோயாளிப் பிரிவுக்கு வந்தார். காலுக்காகத் தீச்சட்டி எடுப்பதாக வேண்டுதலாம். உயர்த்திய செருப்பு இல்லாமல் வெறுங்காலோடு நடக்கலாமா என்று என்னிடம் கேட்க வந்திருந்தார். கேட்காமலேயே செய்யக்கூடியவர் கேட்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

முதலில் ஒற்றைக்காலில் எழும்பிக் காட்டுங்கள் என்றேன்.

அவர் செருப்பைக் கழற்றினார். என் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இடது காலைத் தூக்கினார். வலது குதிகால் அசையவில்லை. பல்லைக் கடித்தார். குதிகால் நடுங்கியது. பிறகு எழுந்தது. மேசையிலிருந்து கையை எடுத்தார். அப்படியே நின்று, அண்ணாந்து, இரண்டு கையையும் மேலே தூக்கி, இல்லாத ஒரு குலையைப் பிடித்து வெட்டினார்.

"எட்டுதா சார்?"

எட்டுகிறது என்றேன். தீச்சட்டியும் எடுக்கலாம் என்றேன்.

அவர் போனதும் பெரியகுளத்துக்குத் தொலைபேசி செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். "நீ பாத்தியா, இல்ல அது சொல்லுச்சா?" என்றார். பார்த்தேன் என்றேன். தொலைபேசியை வைத்துவிட்டார்.

அலுவலக உதவியாளர் அன்றைய தபால்களைக் கொண்டுவந்து வைத்தார். அவற்றில் ஒன்று தலைமை அலுவலகத்திலிருந்து. தாங்கள் கோரியுள்ள அறுவை முறை குறித்து வல்லுநர் குழுவின் கருத்து கேட்கப்பட்டுள்ளது, முடிவு தெரிவிக்கப்படும்வரை மேற்படி நோயாளியைக் காத்திருக்கச் சொல்லவும் என்று எழுதியிருந்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மேற்படி நோயாளி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு, பேருந்து நிறுத்தத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். கடிதம் வந்து சேர்ந்த தேதியை உறையின் மேல் என் கையால் எழுதினேன்: 2009, மே மாதம், வீரபாண்டித் தேர் நகர்ந்த வெள்ளிக்கிழமை.